கடனும் உடைமையும்: ஆங்கில உதைபந்தாட்டக் கழகங்களின் மேலாதிக்கம் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் எமது பல்கலைக்கழக வட்டாரங்களில் இன்றும் ஒருவகைத் தயக்கம் நிலவுகின்றது. இலக்கியத்துக்கும் கூத்துக்கும் சமூக அடித்தளம் உண்டென்பதை ஏற்றுக்கொள்வோர்கூட, ஒரு பந்தின் பின்னே இருபத்திரண்டு பேர் ஓடுவதில் ஆராய்வதற்கு என்ன உண்டு என வினவுவர். ஆயினும் மூலதனத்தின் இயக்கத்தை அதன் வெளிப்படையான வடிவிலே காண விரும்புவோருக்கு இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களைப் போல எளிதில் அகப்படும் சான்றுகள் வேறு பல இல்லை. அங்கு உடைமையாளர் யார், அவர் கொடுத்த விலை என்ன, அவர் பட்ட கடன் எவ்வளவு என்பன யாவும் பத்திரிகைகளிலே பகிரங்கமாக விவாதிக்கப்படுகின்றன. அவற்றின் விளைவும் ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் ஓர் அட்டவணையாக எவரும் படிக்கத்தக்க முறையில் வெளியாகின்றது.

பெருஞ் செல்வந்தர்கள் கழகங்களை விலைக்கு வாங்குவதும், அக்கழகங்கள் பெருங்கடனில் மூழ்குவதும் முன்னணிக் கழகங்களின் நீண்டகால மேலாதிக்கத்துக்கு ஆபத்தாக முடியுமா என்ற வினா கடந்த இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டு வருகின்றது. இவ்வினா பிழையானதன்று, ஆனால் முழுமையானதுமன்று. ஆபத்து யாருக்கு என்பதை அது மேலாதிக்கம் செலுத்தும் கழகங்களின் பக்கம் நின்றே கேட்கின்றது. வினாவைச் சற்றே திருப்பிப் போட்டு நோக்குதல் பயனுடையது என்பது எமது கருத்தாகும். மன்செஸ்டர் யுனைற்றெட் கழகத்தின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இக்கழகங்களின் தோற்றத்தை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். 1878இல் லங்காஷயர்-யோர்க்ஷயர் புகையிரதக் கம்பனியின் வண்டிப் பட்டறைத் தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்னும் பெயரில் ஆரம்பித்த கழகமே பின்னர் மன்செஸ்டர் யுனைற்றெட் ஆயிற்று. ஆர்சனல் கழகம் 1886இல் வூலிச் ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. வெஸ்ற் ஹாம் தேம்ஸ் நதிக்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் பிறந்தது. ஆரம்பம் தொழிலாளருடையதாயினும் உடைமை அவர்களிடம் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1902இல் நியூட்டன் ஹீத் கழகம் கடன் காரணமாகக் கலைக்கப்படும் நிலையை அடைந்தபோது ஜோன் ஹென்றி டேவிஸ் என்ற பியர் வடிசாலை உரிமையாளரே அதனை மீட்டெடுத்தார். புதிய பெயரும் அப்பொழுதே இடப்பட்டது. எனவே செல்வந்த உடைமையாளரும் கடனும் இன்று நேற்று இவ்விளையாட்டில் நுழைந்தவையல்ல. கழகம் பொற்காலத்தில் மக்களுடையதாக இருந்தது, பின்னர் பணக்காரர் வந்து கெடுத்தனர் என்ற எளிய கதையை நாம் ஏற்பதற்கில்லை.

ஆயினும் பழைய உடைமைக்கும் புதிய உடைமைக்கும் இடையே பண்பு வேறுபாடு ஒன்று உண்டு. ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கழகக் கம்பனிகளுக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. பங்கிலாபம் நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு மேற்படலாகாது; பணிப்பாளர்கள் சம்பளம் பெறலாகாது. இக்கட்டுப்பாடுகளின் பயனாக, கழகத்தை வைத்திருந்த உள்ளூர் வணிகர் அதிலிருந்து ஊரில் மதிப்பையும் செல்வாக்கையும் பெற்றார். பெரும் பணத்தைப் பெறவில்லை. பணிப்பாளருக்குச் சம்பளம் வழங்குவதற்கான தடை 1981இல் நீக்கப்பட்டது. 1983இல் லண்டன் ரொட்டன்ஹாம் ஹொட்ஸ்பர் கழகம், கழகத்துக்கு மேலே ஒரு தாய்க் கம்பனியை அமைத்து அதன் பங்குகளைப் பங்குச் சந்தையில் விற்றது. விதி கழகத்தையே கட்டுப்படுத்தியது. தாய்க் கம்பனியை அன்று. எவரும் விதியை நீக்கவில்லை. அதனைச் சுற்றி ஒரு பாதை வெட்டப்பட்டது, அவ்வளவே.

அதே 1983இல் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுகாறும் லீக் போட்டிகளின் வாயில் வசூலில் ஒரு பங்கு விருந்தினராக வந்த அணிக்கும் வழங்கப்பட்டு வந்தது. அவ்வழக்கம் கைவிடப்பட்டு, முழு வசூலும் சொந்த மைதானத்தையுடைய கழகத்துக்கே என்றாயிற்று. பெரிய மைதானமுடைய கழகங்களுக்கு இதனால் விளைந்த நன்மையை விளக்க வேண்டியதில்லை. 1992இல் முதற் பிரிவின் 22 கழகங்களும் பழைய லீக்கிலிருந்து பிரிந்து பிரிமியர் லீக்கை அமைத்துக்கொண்டபோது, தொலைக்காட்சிப் பணத்தைக் கீழ்ப்பிரிவுகளுடன் பகிர்ந்துகொள்ளும் கடப்பாடும் பெரும்பாலும் கழன்றது. செல்வந்தர் வருமுன்னரே அவர் வருவதற்கான வாயில் திறந்து வைக்கப்பட்டிருந்தது என்பதே இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது.

இம்மாற்றங்களின் விளைவு பட்டங்களின் கணக்கிலே துலக்கமாகத் தெரிகின்றது. 1960 முதல் 1969 வரையிலான பத்துப் பருவங்களில் எட்டு வெவ்வேறு கழகங்கள் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றன. பேர்ண்லி, இப்ஸ்விச் போன்ற சிறு நகரங்களின் கழகங்களும் அவற்றுள் அடங்கும். 1993 முதல் 2025 வரையிலான முப்பத்து மூன்று பருவங்களிலோ ஏழு கழகங்களே பட்டத்தை வென்றுள்ளன: மன்செஸ்டர் யுனைற்றெட் 13, மன்செஸ்டர் சிற்றி 8, செல்சி 5, ஆர்சனல் 3, லிவர்பூல் 2, பிளக்பேர்ண், லெஸ்ரர் ஒவ்வொன்று. 1961 வரை விளையாட்டு வீரரின் வாராந்தச் சம்பளம் 20 பவுணுக்கு மேற்படலாகாது என்ற உச்சவரம்பு இருந்தது. வீரரைப் பொறுத்தவரை அது வெளிப்படையான சுரண்டல். அதன் நீக்கம் தொழிற்சங்கப் போராட்டத்தின் நியாயமான வெற்றி. ஆனால் அவ்வரம்பு, செல்வக் கழகம் வறிய கழகத்தின் வீரரைச் சம்பளத்தால் கவர்ந்து செல்வதையும் ஓரளவு தடுத்து வந்தது. உழைப்பாளிக்கு நீதி கிடைத்த இடத்திலேயே கழகங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வும் பெருகியது. இம்முரண்பாட்டை மறைப்பதால் நமக்கு ஒரு பயனுமில்லை.

பொருளியல் நோக்கில் விளையாட்டுத் தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1964இல் அமெரிக்கப் பொருளியலாளர் வோல்ட்டர் நீல் அதனைச் சுட்டிக்காட்டினார். சாதாரண வணிகர் தம் போட்டியாளர் அழிந்தொழிவதையே விரும்புவார். குத்துச்சண்டை வீரருக்கோ எதிரி இல்லாவிடின் வருமானமே இல்லை. எதிராளி ஏறத்தாழச் சம வலிமையுடையவராய் இருக்கும்போதே மக்கள் கூடுவர். அமெரிக்க விளையாட்டு லீக்குகள் இவ்வுண்மையை நன்கறிந்தவை. வருமானத்தைப் பகிர்தல், சம்பளத்துக்கு உச்சவரம்பிடல், இறுதியாக வந்த அணிக்கே புதிய வீரரைத் தெரிவு செய்வதில் முன்னுரிமை அளித்தல் ஆகியவற்றால் அவை சமநிலையைப் பேணுகின்றன. தனியுடைமையின் தலைமைப் பீடமான நாட்டில் விளையாட்டு மட்டும் ஒருவகைக் கூட்டுறவாக நடைபெறுவது சுவையான செய்திதான். ஆனால் அது உடைமையாளரின் கூட்டுறவு என்பதை மறத்தலாகாது. அங்கு எந்த அணியும் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதில்லை. வெளியிலிருந்து எந்த அணியும் ஏறி வருவதுமில்லை. ஐரோப்பாவில் நிலைமை இதற்கு மறுதலை. ஏணி இருபுறமும் திறந்தது. ஆனால் ஏணியில் ஏறுவோரிடையே பகிர்வு அற்பம்.

இனி மன்செஸ்டர் யுனைற்றெட்டுக்கு வருவோம். 1991இல் இக்கழகம் பங்குச் சந்தையில் நுழைந்தது. 1998இல் பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனம் 623 மில்லியன் பவுணுக்கு அதனை வாங்க முயன்றது. அடுத்த ஆண்டு பிரித்தானிய அரசாங்கம் அதனைத் தடுத்தது. ஒளிபரப்பாளனே கழகத்தின் உடைமையாளனாவது போட்டிக்கு ஊறு என்பது காரணம். ஆனால் 2005 மே மாதத்தில் அமெரிக்க வணிகரான மல்கம் கிளேசர் கழகத்தை ஏறத்தாழ 790 மில்லியன் பவுண் பெறுமதியில் கைப்பற்றியபோது தடுப்பார் எவருமில்லை. இத்தொகையில் 500 மில்லியனுக்கு மேற்பட்ட பகுதி கடனாகப் பெறப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி கழகத்தின் சொத்துகளையே ஈடாகக் காட்டிப் பெறப்பட்டது. மறுபாதியை உயர் வட்டிக்குக் கடன் வழங்கும் நிதியங்கள் வழங்கின. இம்முறை எமது வாசகர் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். ஒருவர் இன்னொருவரின் காணியை, அக்காணியையே ஈடு வைத்துப் பெற்ற பணத்தைக் கொண்டு வாங்கி, வட்டியை அக்காணியின் குத்தகைக்காரனிடமே ஆண்டுதோறும் அறவிடுவதற்கு ஒப்பானது இது. அதுவரை கடனற்றிருந்த கழகம், தான் வாங்கப்பட்டதற்கான விலையைத் தானே செலுத்தும் கடப்பாட்டுக்குள்ளாயிற்று.

அக்கடனின் ஒரு பகுதிக்கு வட்டி ஆண்டுதோறும் செலுத்தப்படாமல் முதலுடன் சேர்ந்து வளர்ந்தது. அவ்வட்டி வீதம் நூற்றுக்கு 14.25 ஆகத் தொடங்கி, 2010இல் 16.25 ஆகியது. அதே ஆண்டில் ஏறத்தாழ 500 மில்லியன் பவுண் பெறுமதியான கடன் முறிகள் வெளியிடப்பட்டுப் பழைய வங்கிக் கடன் தீர்க்கப்பட்டது. அவ்வேளையில் மைதானத்துக்கு வந்த ஆதரவாளர் பலர் கழகத்தின் சிவப்பு நிறத்தைத் துறந்து, நியூட்டன் ஹீத் கழகத்தின் பழைய பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத் துணிகளை அணிந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு புகையிரதப் பட்டறையின் நிறங்கள் நூற்றாண்டு கடந்து எதிர்ப்பின் கொடியாயின. இன்னுமொரு பகுதியினர் 2005இலேயே விலகிச் சென்று எவ். சி. யுனைற்றெட் என்னும் தமது சொந்தக் கழகத்தைத் தொடங்கியிருந்தனர். அங்கு அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு.

இக்கடன் யுனைற்றெட்டின் மேலாதிக்கத்தை வீழ்த்தியதா? 2005ஆம் ஆண்டில் அவ்வாறு எதிர்வுகூறியோர் பலர். உடனடி வரலாறு அவர்களைப் பொய்யாக்கியது. அலெக்ஸ் பெர்கியூசனின் பயிற்றுவிப்பின் கீழ் கழகம் 2007, 2008, 2009, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டத்தையும், 2008இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றது. பெர்கியூசன் ஓய்வுபெற்ற 2013இன் பின் 2025 வரை ஒரு தடவையேனும் லீக் பட்டம் கிட்டவில்லை. 2025இல் அக்கழகம் பதினைந்தாம் இடத்தைப் பெற்றது. பிரிமியர் லீக் வரலாற்றில் அதன் மிகத் தாழ்ந்த நிலை அதுவே. கடனின் விளைவு என இவ்வீழ்ச்சியை முழுமையாகக் கூறிவிடலாமா எனின், முடியாது. 2016இல் போல் பொக்பாவுக்காக அன்றைய உலகின் அதியுயர் விலையைக் கொடுத்த கழகம் இது. பணம் இல்லாமற் போகவில்லை. ஒரு பயிற்றுநரின் அசாதாரண ஆற்றல் நிருவாகத்தின் குறைபாடுகளை எட்டு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

கடனின் தடம் வேறிடங்களிலே பதிந்துள்ளது. ஓல்ட் ட்ரபோர்ட் மைதானம் 2006இல் இறுதியாகப் பெரிதும் விரிவாக்கப்பட்டது. அதன் பின்னரான காலத்தில் ஏனைய கழகங்கள் புதிய மைதானங்களைக் கட்டியபோது, இங்கு கூரை ஒழுகத் தொடங்கியது. வட்டி, பங்கிலாபம், நிதிச் செலவுகள் என்ற வகைகளில் வெளியேறிய தொகை ஒரு பில்லியன் பவுணைக் கடந்தது எனப் பிரித்தானியப் பத்திரிகைகள் கணித்துள்ளன. எனினும் 2025 வரையில் அடிப்படைக் கடன் ஏறத்தாழ 650 மில்லியன் அமெரிக்க டொலராக அப்படியே இருந்தது. இருபது ஆண்டுகள் வட்டி கட்டியும் முதல் குறையாத கடனை எமது கிராமங்களில் எவ்வாறு அழைப்பர் என்பதை வாசகர் அறிவர்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு அவசியமாகின்றது. 2012இல் கழகத்தின் பங்குகள் நியூயோர்க் பங்குச் சந்தையில் ஒன்று 14 டொலர் வீதம் விற்கப்பட்டன. அவ்விற்பனையின் பாதி கழகத்துக்கு அன்றி கிளேசர் குடும்பத்துக்கே சென்றது. 2024 பெப்ருவரியில் ஜிம் றட்கிளிவ் கழகத்தின் நாலிலொன்றுக்குச் சற்று மேற்பட்ட பகுதியை வாங்கியபோது ஒரு பங்குக்கு 33 டொலர் கொடுத்தார். இவ்விரு திகதிகளுக்குமிடையே அணி முதலிடத்திலிருந்து அட்டவணையின் நடுப்பகுதிக்கு இறங்கியது. பங்கின் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது. ஆண்டு வருமானமும் 2013இன் 363 மில்லியன் பவுணிலிருந்து 2025இல் 666 மில்லியனாக வளர்ந்தது. ஆட்டத்தில் மேலாதிக்கம் வேறு, சந்தையில் மேலாதிக்கம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. அதே காலப்பகுதியில், 2024இல் ஏறத்தாழ 250 ஊழியர் வேலை இழந்தனர். 2025இல் மேலும் 200 பேர் வரை நீக்கப்படுவர் என அறிவிக்கப்பட்டது. ஊழியரின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. சிக்கனம் எங்கிருந்து தொடங்குகின்றது என்பது எப்பொழுதும் கவனிக்கத்தக்கது.

வருமானம் ஏன் வீழவில்லை? காரணம் ஆதரவாளனின் இயல்பில் உள்ளது. சவர்க்காரத்தின் தரம் குறைந்தால் நுகர்வோன் வேறொன்றை வாங்குவான். கழகத்தின் தரம் குறைந்தால் ஆதரவாளன் வேறு கழகத்துக்குச் செல்வதில்லை. கவலையோடு அங்கேயே அமர்ந்திருக்கின்றான். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் இப்பற்றே கடன் கொடுத்தோருக்கு உண்மையான ஈடாகும். இவ்வீடு மன்செஸ்டர் நகரத்துடன் நின்றுவிடவில்லை. 2022இல் ஆரம்பித்த மூன்றாண்டு ஒப்பந்தக் காலத்தில் பிரிமியர் லீக்கின் வெளிநாட்டு ஒளிபரப்பு வருமானம் முதன்முறையாக உள்நாட்டு வருமானத்தை விஞ்சியது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நள்ளிரவில் தொலைக்காட்சியின் முன் விழித்திருக்கும் இளைஞரும், தாம் அறியாமலே, அக்கடனுக்கான ஈட்டின் ஒரு சிறு துணுக்காக உள்ளனர்.

கடனுக்கு மாறாக, உடைமையாளரின் சொந்தப் பணத்தால் எழுந்த கழகங்களை அடுத்து நோக்கலாம். றோமன் அப்ரமோவிச் 2003இல் செல்சியை வாங்கினார். 2005, 2006ஆம் ஆண்டுகளில் பட்டம் வந்தது. அபுதாபி அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் மன்சூர் 2008இல் மன்செஸ்டர் சிற்றியை வாங்கினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் மூன்றாம் பிரிவில் ஆடிய அக்கழகம் 2012 முதல் 2024 வரை எட்டு முறை பட்டம் வென்றது. 2021 முதல் 2024 வரை தொடர்ச்சியாக நான்கு தடவை வென்று, இங்கிலாந்தில் எவரும் செய்யாததைச் செய்தது. பழைய மேலாதிக்கத்தை உடைத்ததால் இச்செல்வந்தர் போட்டியை வளர்த்தனர் என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கதவை உடைத்து உள்ளே வந்தவர்கள் அதைத் தமக்குப் பின்னால் திறந்து விடவில்லை. மேலும் உயர்ந்த விலையையே நுழைவுக் கட்டணமாக்கினர். எஃகு வணிகரான ஜக் வோக்கர் 1990களின் ஆரம்பத்தில் தமது சொந்த ஊர்க் கழகமாகிய பிளக்பேர்ண் றோவேர்சுக்குச் செலவிட்ட பணம் 1995இல் பட்டத்தைப் பெறப் போதுமாயிருந்தது. நான்கு ஆண்டுகளில் அக்கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஓர் ஊரின் செல்வந்தரால் வாங்கக்கூடியதாயிருந்த பட்டம், பத்தாண்டுகளில், ஓர் அரசின் செல்வத்தால் மட்டுமே வாங்கக்கூடியதாயிற்று.

தனியொருவரின் செல்வத்தில் தங்கியிருத்தல் ஆபத்தானதா? 2022இல் ரஷ்யா உக்ரெயின் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து பிரித்தானிய அரசாங்கம் அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கியபோது, செல்சி சில வாரங்கள் புதிய நுழைவுச் சீட்டுகளை விற்கவோ வீரரை வாங்கவோ முடியாத நிலைக்கு வந்தது. அவர் வழங்கியிருந்த ஏறத்தாழ 1.5 பில்லியன் பவுண் கடன் ஒரே நாளில் அரசியற் பொருளாயிற்று. ஆயினும் கழகம் அழியவில்லை. அதே மே மாதத்தில் 2.5 பில்லியன் பவுணுக்கு அமெரிக்கக் கூட்டு ஒன்று அதனை வாங்கிற்று. உடைமையாளர் போனார், உடைமையின் பெறுமதி ஏறியது. சிற்றி மீது 2023 பெப்ருவரியில் பிரிமியர் லீக் நிதி விதிமீறல்கள் தொடர்பாக நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளை முன்வைத்தது. கழகம் அவற்றை மறுத்தது. விசாரணை தொடங்குவதற்கே 2024 செப்ரெம்பர் வரை சென்றது. இடைப்பட்ட காலத்தில் இரு பட்டங்கள் வெல்லப்பட்டன. சிறு கழகங்களுக்கு நீதி விரைவில் வரும்: எவேட்டன் கழகம் 2023-24 பருவத்திலேயே இருமுறை புள்ளிகளை இழந்தது.

உண்மையில் கடன் யாரைக் கொல்லுகின்றது என்பதை அறிய, உச்சியை விட்டு அடுத்த படியை நோக்க வேண்டும். லீட்ஸ் யுனைற்றெட் 2001இல் ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதி வரை சென்றது. அவ்விடத்தை நிலைநிறுத்தும் நோக்குடன் எதிர்கால நுழைவுச் சீட்டு வருமானத்தை ஈடு வைத்து 60 மில்லியன் பவுண் கடன் பெற்றது. அடுத்த ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்துக்கு அதனால் தகுதி பெற முடியவில்லை. 2004இல் இரண்டாம் பிரிவு. 2007இல் வங்குரோத்தும் மூன்றாம் பிரிவும். முதற் பிரிவுக்குத் திரும்பப் பதினாறு ஆண்டுகள் சென்றன. 2008இல் எவ். ஏ. கிண்ணத்தை வென்ற போர்ட்ஸ்மத் 2010இல் வங்குரோத்தாகி, 2013இல் நான்காம் பிரிவில் நின்றது. அப்பொழுது அதனை ஆதரவாளர் சங்கமே வாங்கி நான்கு ஆண்டுகள் நடத்திற்று. யுனைற்றெட்டின் கடன் லீட்சின் கடனைவிடப் பன்மடங்கு பெரிது. ஆனால் யுனைற்றெட் உறுதியான வருமானத்தின்மீது கடன்பட்டது. லீட்ஸ் வெற்றியின்மீது பந்தயம் கட்டியது. உச்சியில் இருப்பவரின் கடன் கணக்கேட்டில் ஒரு வரி; ஏற முயல்பவரின் கடன் அவரது முழு இருப்பு. நிலவுடைமைச் சமூகத்தில் பெருங்காணிக்காரன் கடனோடு மூன்று தலைமுறை வாழ்வதும், சிறு கமக்காரன் ஒரு போகம் பொய்த்ததும் காணியை இழப்பதும் இவ்வாறே.

கடன் அனைத்தையும் ஒரே தராசில் இடுவதும் தவறு. ஆர்சனல் 2006இல் 60,000 ஆசனங்களுடைய புதிய மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு ஏறத்தாழ 390 மில்லியன் பவுண் செலவாயிற்று. கடனை அடைக்கச் சிறந்த வீரரை விற்ற அக்கழகம் 2005 முதல் 2014 வரை எந்தக் கிண்ணத்தையும் காணவில்லை. அது துன்பமான காலம்; ஆனால் இறுதியில் மைதானம் எஞ்சியது. கட்டுவதற்குப் பட்ட கடனும் வாங்குவதற்குப் பட்ட கடனும் ஐந்தொகையில் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டாலும், அவற்றின் சமூகப் பொருள் ஒன்றன்று.

அங்கத்தவர் உடைமையே பரிகாரம் என முற்போக்காளர் பலர் கருதுவர். எமது அனுதாபமும் அப்பக்கமே. ஆயினும் சான்றுகள் எச்சரிக்கை தருகின்றன. பார்சலோனா அங்கத்தவருக்குச் சொந்தமான கழகம். 2021இல் அதன் கடன் 1.35 பில்லியன் யூரோ என அதன் தலைவரே அறிவித்தார். மெஸ்ஸியை வைத்திருக்க முடியாமற் போயிற்று. 2022இல் தனது லீக் ஒளிபரப்பு வருமானத்தின் நாலிலொன்றை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்றது. இவ்வளவுக்கும் பின் 2023இலும் 2025இலும் ஸ்பானிய லீக்கை வென்றது. ஜேர்மனியிலோ அங்கத்தவர் கையில் பெரும்பான்மை வாக்கு இருத்தல் வேண்டும் என்ற விதி 1998 முதல் உண்டு. பயேர்ண் மியூனிக்கில் நூற்றுக்கு 75 வீதம் அங்கத்தவர் சங்கத்துக்கு உரியது. கழகம் தனது மைதானக் கடனையும் 2014இல் காலத்துக்கு முன்னரே தீர்த்துவிட்டது. கடனுமில்லை, செல்வந்த உடைமையாளருமில்லை. ஆனால் 2013 முதல் 2023 வரை பதினொரு பட்டங்களையும் அதுவே வென்றது. உடைமையின் வடிவம் மாறினும் வருமானத்தின் பங்கீடு மாறாதவிடத்து மேலாதிக்கம் தொடரும் என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டுவது அரிது. ஐரோப்பியக் கிண்ணப் போட்டிப் பணம் ஆண்டுதோறும் அதே சில கழகங்களுக்கே செல்லும்போது, அப்பணம் சம்பளமாகவும், சம்பளம் வெற்றியாகவும், வெற்றி மீண்டும் அப்பணமாகவும் மாறுகின்றது. நீண்டகால நோக்கில் லீக் நிலைகளைப் பெரிதும் தீர்மானிப்பது வீரருக்கான சம்பளச் செலவே எனப் பொருளியலாளர் ஸ்டெபான் சிமான்ஸ்கியின் ஆய்வுகளும் காட்டியுள்ளன.

அவ்வாறாயின் கடன் எதற்குத்தான் ஆபத்து? இதற்கான விடை 2021 ஏப்ரில் 18ஆம் திகதி வெளிப்பட்டது. அன்று இங்கிலாந்தின் ஆறு கழகங்களும், ஸ்பெயின், இத்தாலி ஆகியவற்றின் மும்மூன்று கழகங்களும் ஐரோப்பிய சுப்பர் லீக் ஒன்றை அறிவித்தன. இருபது அணிகள் ஆடும். அவற்றுள் பதினைந்து எந்நிலையிலும் வெளியேற்றப்படா. நிதியை ஜே. பி. மோர்கன் வங்கி வழங்க இருந்தது. யுனைற்றெட், லிவர்பூல், ஆர்சனல் ஆகியவற்றின் உடைமையாளர்கள் அமெரிக்க விளையாட்டு அணிகளையும் உடையவர்கள் என்பதும், இறுதிவரை திட்டத்தைக் கைவிடாதிருந்தோர் றியல் மட்றிட்டும் கடனில் அமிழ்ந்த பார்சலோனாவும் என்பதும் தற்செயலல்ல. கடன் கொடுத்தவன் கேட்பது நிச்சயமான வருமானத்தை. விளையாட்டின் உயிரோ நிச்சயமின்மையில் உள்ளது. இவ்விரண்டும் மோதும்போது, மேலாதிக்கக் கழகங்கள் தம் மேலாதிக்கத்தைக் களத்தில் மீண்டும் மீண்டும் நிறுவ வேண்டிய தொல்லையிலிருந்து விடுபட்டு, அதனை ஓர் உறுதிப்பத்திரமாக எழுதிக்கொள்ள முனைகின்றன. கடன் அவற்றின் ஆதிக்கத்தைக் குலைப்பதைக் காட்டிலும், ஏணியை மேலிருந்து இழுத்துக்கொள்ளவே அவற்றைத் தூண்டுகின்றது.

அத்திட்டம் நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் சரிந்தது. செல்சியின் மைதானத்துக்கு வெளியே வீதியில் அமர்ந்த ஆதரவாளர்கள் அச்சரிவில் முக்கிய பங்காற்றினர்; சரிவின் பின்னரும் எதிர்ப்பு ஓயவில்லை, மே 2ஆம் திகதி ஆதரவாளர்கள் ஓல்ட் ட்ரபோர்ட்டுக்குள் புகுந்து லிவர்பூலுடனான ஆட்டத்தையே பின்போடச் செய்தனர். உடன் விலகியவற்றுள் செல்சியும் சிற்றியும் முந்திக்கொண்டன. வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை அவற்றுக்குக் குறைவு.

2025 யூலையில் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய உதைபந்தாட்ட ஆட்சிச் சட்டம் இவ்வெதிர்ப்பின் நேரடி விளைவெனலாம். அதன்படி சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவர் கழக உடைமையாளரின் தகுதியையும் பணத்தின் மூலத்தையும் ஆராயலாம். அங்கீகாரமற்ற பிரிவினை லீக்குகளில் சேர்வதைத் தடுக்கலாம். பிரிமியர் லீக்குக்கும் கீழ்ப்பிரிவுகளுக்கும் இடையிலான பணப்பங்கீட்டில் இணக்கம் காணப்படாவிடின் தலையிடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. இவற்றுள் இறுதியாகக் கூறியதே எமது நோக்கில் முதன்மையானது; 1983 முதல் ஒரே திசையில் சென்ற பங்கீட்டை மறுதிசையில் திருப்பக்கூடிய ஒரே வாசகம் அது. ஆனால் அவ்வதிகாரம் பிரிமியர் லீக்கின் வாசலுக்கு வெளியே செல்லும் பணத்தைப் பற்றியதே. லீக்கின் உள்ளே இருபது கழகங்களும் தம்முள் எவ்வாறு பகிர்கின்றன என்பதையும், ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து நான்கைந்து கழகங்களுக்கு வரும் பணத்தையும் அது தொடுவதில்லை.